விக்கெட் கீப்பரின் கை முந்துமா, பந்து முந்துமா?



2025-ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 19 வயதுக்குட்பட்ட மகளிருக்கான டி20 உலகக் கிண்ணப் போட்டி நம் நாட்டில் நடந்தது. பிப்ரவரி 2-ஆம் தேதி பாயுஎமாஸ் திடலில் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா தென்னாப்பிரிக்காவை 82 ஓட்டங்களுக்குள் சுருட்டி, 9 விக்கெட் வித்தியாசத்தில் கிண்ணத்தை வென்றது. அந்த இந்திய அணியில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். அவர் மதுரையைச் சேர்ந்த விக்கெட் கீப்பரும் இடதுகை மட்டையாளருமான கமலினி. அப்போது அவருக்கு வயது 16. உங்களில் நான்காம், ஐந்தாம் படிவத்தில் படிப்பவர்களின் வயதுதான்!

பினாங்குக்கும் இந்த விளையாட்டு புதிதல்ல. 2008-இல் நடந்த 19 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கான உலகக் கிண்ணத்தின் சில ஆட்டங்கள் நம் மாநிலத்தில் நடந்தன. விராட் கோலியின் தலைமையில் இந்தியா அந்தக் கிண்ணத்தை வென்றது.

பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும்போது அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. “கை வேகம் உள்ளவன்தான் கீப்பராக முடியும். அது பிறவியிலேயே வர வேண்டும்.” இது உண்மையா? உங்கள் பாடநூலில் உள்ள அறிவியலைக் கொண்டே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

0.075 வினாடிக் கணக்கு

மூன்றாம் படிவ அறிவியலின் முதல் அத்தியாயம் தூண்டலும் துலங்கலும். கண் பார்க்கிறது, நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது, மூளை முடிவெடுக்கிறது, தசை அசைகிறது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகும் காலமே துலங்கல் நேரம். கண்ணால் பார்த்துக் கையை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். உலகத் தரமான வீரருக்கும் இதில் பெரிய சலுகை கிடையாது.

இப்போது கீப்பரின் நிலையைப் பாருங்கள். சுழற்பந்து வீச்சாளர் வீசும்போது கீப்பர் ஸ்டம்புகளுக்கு நேர் பின்னே, ஒட்டி நிற்பார். மட்டைக்கும் அவருடைய கையுறைக்கும் இடையே 1.5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அது மட்டையின் விளிம்பில் உரசிக் கையுறையைச் சேர ஆகும் நேரம்:

நேரம் = தூரம் ÷ வேகம் = 1.5 ÷ 20 = 0.075 வினாடி

துலங்க 0.2 வினாடி வேண்டும், கிடைப்பதோ 0.075 வினாடி! பந்து உரசியதை மூளை உணர்ந்து கைக்குக் கட்டளை இடும் முன்பே பந்து கையுறையில் இருக்கும், அல்லது எல்லைக்கோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். ஆக, இந்தக் கேட்சைக் கைவேகத்தால் யாராலும் பிடிக்க முடியாது. அப்படியானால் நல்ல கீப்பர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள்?

பந்து உரசியபின் எவ்வளவு விலகுகிறது என்பதில் பதில் இருக்கிறது. பந்து தன் பாதையிலிருந்து 5 பாகை திரும்பியதாகக் கொள்வோம். 1.5 மீட்டர் தூரத்தில் அது 13 சென்டிமீட்டர் மட்டுமே விலகியிருக்கும். இரண்டு கையுறைகளையும் சேர்த்து விரித்து வைத்தால் அந்த இடைவெளியின் பெரும்பகுதியை அவை மறைத்துவிடும். அதனால்தான் பயிற்சியாளர்கள் “கையைப் பந்தின் பாதையில் வை, விரித்து வை, அசைக்காதே” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மட்டையாளர் மட்டையை வீசுவதைப் பார்த்துப் பயந்து கையை இழுப்பவருக்குத்தான் கேட்ச் நழுவுகிறது. பந்து மட்டையில் படாது, என் கைக்கே வரும் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிக் காத்திருப்பவருக்குக் கேட்ச் கிடைக்கிறது.

செய்து பாருங்கள்: 1

தேவை: 30 சென்டிமீட்டர் அளவுகோல், ஒரு நண்பர்.

நண்பர் அளவுகோலின் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே பூச்சியம் உள்ள இடத்தில் உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வையுங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தீர்கள் என்று குறித்துக்கொண்டு, கீழே உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

10 சென்டிமீட்டர்: 0.14 வினாடி
15 சென்டிமீட்டர்: 0.17 வினாடி
20 சென்டிமீட்டர்: 0.20 வினாடி
25 சென்டிமீட்டர்: 0.22 வினாடி

10 முறை செய்து சராசரி எடுங்கள். அடுத்து, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணி, மூன்றில் விடச் சொல்லுங்கள். சராசரி சட்டெனக் குறையும். உங்கள் நரம்பு அதற்குள் வேகமடைந்துவிடவில்லை. எப்போது வரும் என்று தெரிந்ததால் மூளை முன்கூட்டியே கட்டளையைத் தயாராக வைத்திருந்தது. பந்து வீச்சாளரின் ஓட்டம், மணிக்கட்டு, பந்தை விடும் இடம் ஆகியவற்றைக் கீப்பர் கூர்ந்து பார்ப்பதும் இதற்காகத்தான்.

கடைசியாக எழுபவரே நல்ல கீப்பர்

கீப்பர் குந்தி உட்கார்வதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கால்கள் தோள் அகலத்துக்கு விரிந்திருக்கும். உடல் எடை முன்பாதத்தில் இருக்கும். தலை அசையாது, கண் பந்தின் மட்டத்துக்கு அருகில் இருக்கும். அடித்தளம் அகன்று, ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும்போது உடல் எளிதில் தடுமாறாது. எடை குதிகாலில் இருந்தால், நகரும் முன்பு எடையை முன்னே கொண்டுவரவே நேரம் போய்விடும்.

அடுத்த கேள்வி, எப்போது எழுவது? பந்து தரையில் குத்தி எழும்போது அதனோடு சேர்ந்து எழ வேண்டும். அதற்கு முன்பு எழக் கூடாது. காரணம் இதுதான். மேலே எழும்போது கால் தசைகள் தரையை உதைக்கின்றன. எவ்வளவு பலமாக உதைக்கிறோமோ அவ்வளவு விரைவாக எழலாம். ஆனால் நின்ற உடலைக் கீழே இறக்கத் தசையால் தரையை இழுக்க முடியாது. ஈர்ப்பு விசை மட்டுமே நம்மை இறக்குகிறது. ஓய்விலிருந்து விழும் பொருள் முதல் 0.1 வினாடியில் 5 சென்டிமீட்டர்தான் இறங்கும். ஆகவே அவசரப்பட்டு எழுந்தவர், பந்து தாழ்வாக வந்தால் உடலைத் தாழ்த்த முடியாமல் திண்டாடுவார். பந்து கால்களுக்கு இடையே புகுந்து போய்விடும். தாழ்ந்திருப்பவருக்கோ எழும் பந்தும் தாழும் பந்தும் ஒன்றே.

வேகப்பந்துக்கு ஏன் பின்னே போக வேண்டும்?

வேகப்பந்து வீச்சுக்குக் கீப்பர் பல மீட்டர் பின்னால் நிற்பார். பந்து வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வருகிறது, கீப்பர் மட்டையிலிருந்து 15 மீட்டர் பின்னால் நிற்கிறார் என்று கொள்வோம். கிடைக்கும் நேரம் 0.6 வினாடி. துலங்கலுக்கு 0.2 வினாடி போனாலும் 0.4 வினாடி மிஞ்சும். ஆனால் அதே 5 பாகை விலகல் இங்கே 1.3 மீட்டராக வளர்ந்துவிடும்!

கிட்டே நின்றால் விலகல் குறைவு, நேரமும் குறைவு. எட்டி நின்றால் விலகல் அதிகம், நேரமும் அதிகம். ஆகவே கிட்டே நிற்பவருக்கு அசையாத கை வேண்டும். எட்டி நிற்பவருக்கு விரைந்து நகரும் கால் வேண்டும். எட்டி நிற்கும்போது முதலில் ஒரு பக்கவாட்டு அடி, பிறகுதான் பாய்ச்சல். கால் நகராமல் கையை மட்டும் நீட்டினால் 1.3 மீட்டரை எட்டுவது கடினம்.

எவ்வளவு பின்னால் நிற்பது? குத்தி எழுந்த பந்து உச்சத்தைத் தொட்டு, இறங்கத் தொடங்கி, இடுப்பு உயரத்தில் கைக்கு வரும் இடமே பொருத்தமானது. மழை பெய்த மறுநாள் ஈரமான திடலில் பந்து தாழ்வாக வந்தால் ஓரிரு அடி முன்னே வர வேண்டியிருக்கும். முதல் இரண்டு ஓவர்களிலேயே இதைக் கவனித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

கையைப் பின்னிழுக்கும் இரகசியம்

இனி நான்காம் படிவ இயற்பியலுக்கு வருவோம். கிரிக்கெட் பந்தின் பொருண்மை ஏறத்தாழ 0.16 கிலோகிராம். வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வரும் பந்தின் உந்தம் (பாடநூலில் ‘மொமெந்தும்’ என்று வருவது) 0.16 × 25 = 4 கிலோகிராம் மீட்டர் / வினாடி. அதைப் பூச்சியமாக்குவது கீப்பரின் வேலை.

கணத்தாக்கு விசை = உந்த மாற்றம் ÷ நேரம்

உந்த மாற்றம் யார் பிடித்தாலும் 4 தான். மாற்றக்கூடியது நேரம் மட்டுமே. இரண்டு மாணவர்களை ஒப்பிடுவோம்.

முதல் மாணவர் கையை விறைப்பாக வைத்திருக்கிறார். கையுறையின் பஞ்சு அமுங்கும் 2.5 சென்டிமீட்டர் தூரத்துக்குள் பந்து நிற்கிறது. நேரம் 0.002 வினாடி. சராசரி விசை 4 ÷ 0.002 = 2000 நியூட்டன். இது 200 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம்!

இரண்டாம் மாணவர் பந்து தொடும் கணத்திலிருந்து கையை 25 சென்டிமீட்டர் பின்னே கொண்டுபோகிறார். நேரம் 0.02 வினாடி. சராசரி விசை 200 நியூட்டன் மட்டுமே.

நேரம் பத்து மடங்கு கூடியது. விசை பத்தில் ஒரு பங்கானது. முதல் மாணவரின் கை வீங்கும்; அதோடு பந்து கையிலிருந்து துள்ளியும் போகும். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அது திரும்பத் துள்ளினால் உந்த மாற்றம் 4-லிருந்து 4.8-ஆகக் கூடும். வலியும் கூடுதல், கேட்சும் போச்சு! பயிற்சியாளர்கள் “மென்மையான கை” என்று சொல்வது இதைத்தான்.

விரல்கள் பந்தைப் பார்க்கக் கூடாது

கீப்பர்களுக்கு அதிகம் அடிபடுவது விரல்களில்தான். இங்கே அழுத்தம் என்ற பாடம் உதவும். 200 நியூட்டன் விசை உள்ளங்கையின் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பரவினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 5 நியூட்டன். அதே விசை விரல் நுனியின் 2 சதுர சென்டிமீட்டரில் விழுந்தால் 100 நியூட்டன். இருபது மடங்கு! மேலும், விரல் நுனியில் நேராகக் குத்தும் விசை மூட்டுகளை ஒன்றோடொன்று மோதச் செய்கிறது.

எனவே இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்கு விரல்கள் தரையைப் பார்க்கட்டும். மார்புக்கு மேலே வரும் பந்துக்கு வானத்தைப் பார்க்கட்டும். இடைப்பட்ட உயரத்தில் வந்தால் உடலைச் சற்று ஒதுக்கி, விரல்களைப் பக்கவாட்டில் திருப்புங்கள். எந்த நிலையிலும் விரல் நுனிகள் பந்தை நேராகப் பார்க்கக் கூடாது. இரு சுண்டுவிரல்களும் ஒட்டியிருந்தால் உள்ளங்கைகள் சேர்ந்து ஒரு கிண்ணம்போல் அமையும். கையுறைக்குள் மெல்லிய உள்ளுறை அணியுங்கள்.

ஸ்டம்பிங்: ஒரு விதியை எப்போது தளர்த்தலாம்?

சர்வதேச ஆட்டங்களில் அதிக ஸ்டம்பிங் செய்தவர் மகேந்திர சிங் தோனி. மூன்று வகை ஆட்டங்களிலும் சேர்த்து 195. ஆனால் அவருடைய காணொளிகளைப் பார்த்தால் ஒன்று உறுத்தும். அவர் கையைப் பின்னிழுப்பதே இல்லை போலத் தோன்றும்! அப்படியானால் நாம் மேலே படித்தது தவறா?

தவறில்லை. கணக்கைப் பாருங்கள். கையை 25 சென்டிமீட்டர் பின்னிழுத்து, மீண்டும் 25 சென்டிமீட்டர் முன்னே கொண்டுவந்தால் மொத்தம் 50 சென்டிமீட்டர். கை வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகர்ந்தாலும் 0.1 வினாடி செலவாகும். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும் மட்டையாளரின் கால் அதற்குள் 20 சென்டிமீட்டர் நகர்ந்து கோட்டுக்குள் வந்துவிடும்.

சுழற்பந்தின் மெதுவான வேகம் இங்கே கைகொடுக்கிறது. பந்தின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வினாடிக்கு 25 மீட்டரில் 50 ஜூல் என்றால், 15 மீட்டரில் 18 ஜூல்தான். அதை 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரி விசை 360 நியூட்டன். பழகிய கை, நல்ல கையுறையோடு இதைத் தாங்கும். அந்த 5 சென்டிமீட்டரையும் பின்னே இழுக்காமல் ஸ்டம்புகளின் பக்கமாக வளைத்து எடுத்தால், பந்தை நிறுத்துவதும் பெய்ல்ஸைத் தட்டுவதும் ஒரே அசைவாகிவிடும்.

ஒரு விதியையும் நினைவில் வையுங்கள். பந்து மட்டையிலோ மட்டையாளர் மீதோ படும்வரை, அல்லது ஸ்டம்புகளைக் கடக்கும்வரை, அல்லது மட்டையாளர் ஓட முயலும்வரை கீப்பர் முழுவதும் ஸ்டம்புகளுக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். கையுறை முன்னே நீண்டால் நடுவர் அதை ‘நோ பால்’ என்று அறிவிப்பார்.

கண் இரண்டுதான்

2012 ஜூலை மாதம் இங்கிலாந்தின் டான்டன் நகரில் ஒரு பயிற்சி ஆட்டம். தென்னாப்பிரிக்கக் கீப்பர் மார்க் பவுச்சர் தலைக்கவசம் இல்லாமல், இம்ரான் தாஹிரின் சுழற்பந்துக்கு ஸ்டம்புகளை ஒட்டி நின்றார். பந்து ஸ்டம்பைத் தகர்த்தது. தெறித்த பெய்ல் அவருடைய இடது கண்ணைத் தாக்கியது. டெஸ்ட் ஆட்டங்களில் 555 பேரை ஆட்டமிழக்கச் செய்து சாதனை படைத்தவரின் விளையாட்டு வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

அவர் திறமையில் குறைந்தவரா? அனுபவம் இல்லாதவரா? இரண்டுமில்லை. நாம் முதலில் போட்ட கணக்குதான் இங்கேயும். ஓரிரு மீட்டர் தூரத்திலிருந்து தெறித்து வரும் பொருளுக்கு முகத்தைத் திருப்ப எந்த மனிதருக்கும் நேரம் போதாது. திறமையால் தடுக்க முடியாத இடத்தில் கவசம்தான் தடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்ட கீப்பர்கள் ஸ்டம்புகளை ஒட்டி நிற்கும்போது முகத்தடுப்புள்ள தலைக்கவசமோ முகக்கவசமோ அணிய வேண்டும் என்று அந்நாட்டு வாரியம் வகுத்திருக்கிறது. நம் பள்ளித் திடலிலும் இதையே வழக்கமாக்குங்கள். “மெதுவான பந்துதானே” என்று யாராவது சொன்னால், பவுச்சரின் கதையைச் சொல்லுங்கள்.

நம் வெயிலும் கீப்பரும்

20 ஓவர் ஆட்டத்தில் கீப்பர் குறைந்தது 120 முறை குந்தி எழுகிறார். 50 ஓவர் என்றால் 300 முறை. பினாங்கின் காற்றில் ஈரப்பதம் அதிகம். அதனால் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் சூடு தணிவது தாமதமாகும். உடலில் நீர் குறைந்தால் முதலில் சிதறுவது கவனம்தான். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இடைவேளைதோறும் நீர் அருந்துங்கள். நனைந்த உள்ளுறை கையுறைக்குள் வழுக்கும். மாற்று உள்ளுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும்.

செய்து பாருங்கள்: 2

நீர் நிரப்பிய பலூனை இருவர் வீசிப் பிடியுங்கள். 3 மீட்டர் தூரத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஓர் அடி பின்னே செல்லுங்கள். முதலில் கையை விறைப்பாக வைத்தும், பிறகு பின்னிழுத்தும் பிடியுங்கள். பலூன் எந்த முறையில் உடைகிறது? ஏன் என்பதை ‘கணத்தாக்கு விசை’ என்ற சொல்லைப் பயன்படுத்தி எழுதுங்கள்.

தனியாகப் பயிற்சி செய்பவர்கள் டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து, குந்திய நிலையில் இரு கைகளாலும் பிடிக்கலாம். தினமும் 50 பந்து போதும். தலை அசைகிறதா, விரல்கள் எங்கே பார்க்கின்றன என்று நண்பரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

விடை காணுங்கள்

1. 0.16 கிலோகிராம் பந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் உந்தம் என்ன? 0.016 வினாடியில் அதை நிறுத்தினால் சராசரி விசை எவ்வளவு?

2. கீப்பர் மட்டையிலிருந்து 12 மீட்டர் பின்னால் நிற்கிறார். உரசிய பந்தின் வேகம் வினாடிக்கு 20 மீட்டர். துலங்கல் நேரம் 0.2 வினாடி போக, நகர எவ்வளவு நேரம் மிஞ்சும்?

3. ஸ்டம்புகளை ஒட்டி நிற்கும் கீப்பர் பந்து குத்துவதற்கு முன்பே எழுந்துவிட்டார். எந்தப் பந்து அவருக்குச் சிரமம் தரும்? ஏன்?

விடைகள்: 1. உந்தம் 3.2 கிலோகிராம் மீட்டர் / வினாடி. விசை 200 நியூட்டன். 2. 0.6 – 0.2 = 0.4 வினாடி. 3. தாழ்வாக வரும் பந்து. நின்ற உடலைக் கீழே இறக்க ஈர்ப்பு விசை மட்டுமே உதவும், அது முதல் 0.1 வினாடியில் 5 சென்டிமீட்டர்தான் இறக்கும்.

மாணவர்களே, 0.075 வினாடியில் துலங்க யாராலும் முடியாது. கமலினியாலும் முடியாது, தோனியாலும் முடியாது. அவர்களை வேறுபடுத்துவது, பந்து வருவதற்கு முன்பே சரியான இடத்தில் சரியான நிலையில் இருக்கும் பழக்கம். பழக்கத்தை யாரும் பிறக்கும்போது கொண்டுவருவதில்லை. ஆகவே அடுத்த முறை பள்ளி அணிக்குக் கீப்பர் தேடும்போது, “எனக்குக் கைவேகம் இல்லை” என்று ஒதுங்காமல் கையுறையை மாட்டுங்கள். தலைக்கவசத்தையும் சேர்த்து!